செட்டிநாட்டுச் சுவர்ப் பாசியில் புதிய நீர்க்கரடி: தேடுவதிலிருந்து பெயர் வைப்பது வரை

நீர்க்கரடி (டார்டிகிரேட்) என்பது மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டிய ஒரு குட்டி விலங்கு. அதைக் கண்ணால் பார்ப்பது பெரிய வேலை இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய சுவரிலிருந்து துளிப் பாசியை எடுத்து, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, கல்லூரி மைக்ராஸ்கோப்பில் பொறுமையாகத் தேடினால் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதை இதுவரை யாரும் விவரித்ததில்லை என்று நிறுவுவதுதான் கஷ்டம். புதிய சிற்றினம் மைக்ராஸ்கோப்பில் "நான் புதுசு" என்று தெரியாது. ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் நூற்றுக்கணக்கான விவரணைகளோடு ஒப்பிட்ட பிறகுதான் தெரியும். ஆகவே இந்தக் கட்டுரையில் பிடிப்பதைச் சுருக்கமாகவும் ஒப்பிடுவதை விரிவாகவும் சொல்கிறேன்.

விலங்கியல் படிக்கும் மாணவர்கள், பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள், மைக்ராஸ்கோப் வைத்திருக்கும் ஆர்வலர்கள் ஆகியோருக்கு இது. கடைசிவரை தனியாளாகப் போக முடியாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பாதி வழியில் ஒரு ஆய்வகத்தின் துணை வேண்டும்.

நீர்க்கரடிக்கு எட்டுக் கால், ஒவ்வொரு காலிலும் நகம், பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நீளம். 1773இல் ஜெர்மனியைச் சேர்ந்த யோஹான் கோயட்சே இதை முதலில் விவரித்தார். இன்றுவரை 1400க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் பதிவாகியுள்ளன. இன்னும் கண்டுபிடிக்க மிச்சம் இருக்கிறதா என்றால், ஜப்பானில் நடந்ததைப் பாருங்கள். த்சுருவோகா நகரில் கசுஹாரு அரகாவா என்ற ஆய்வாளர் தான் குடியிருந்த அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில், கான்கிரீட் மேல் இருந்த பாசியைச் சுரண்டி எடுத்தார். அதில் இருந்த நீர்க்கரடிதான் 2018இல் 'மேக்ரோபயோட்டஸ் ஷொனைக்கஸ்' என்ற புதிய சிற்றினமாக வெளியானது. காட்டுக்கும் போகவில்லை, மலையும் ஏறவில்லை.

நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. அடுத்த மாவட்டமான ராமநாதபுரத்தில், மண்டபம் கடற்கரை மணலில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் கண்டெடுத்த நீர்க்கரடிக்கு அப்துல் கலாம் நினைவாக 'பாட்டிலிப்பஸ் கலாமி' என்று பெயர். அதே கரையில் கிடைத்த இன்னொன்று சந்திரயான் பெயரில் 'பாட்டிலிப்பஸ் சந்திரயானி' ஆனது. இவை கடல் இனங்கள். சுவரிலும் மரத்திலும் உள்ள பாசியில் வாழ்பவற்றை நம் ஊரில் தேடியவர்கள் குறைவு.

எங்கே தேடுவது

செட்டிநாட்டு வீடுகள் இதற்கு வசதியான இடம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம், தேவகோட்டை என்று எங்கே போனாலும் பூட்டிக்கிடக்கும் வளவுகள் உண்டு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வீட்டுச் சுவரில் பாசி நிலைக்காது. வருஷக்கணக்கில் சுண்ணாம்பு காணாத பின்கட்டுச் சுவர், கிணற்றுக் கைப்பிடிச் சுவர், மழைநீர் இறங்கும் முற்றத்து ஓரம், நாட்டு ஓட்டின் வடக்குப் பக்கச் சரிவு, இங்கேயெல்லாம் மெத்தென்று பச்சையாக வளர்ந்திருக்கும். ஊருணிப் படிக்கட்டின் செம்புறாங்கல்லில் தண்ணீர் மட்டத்துக்கு மேலே உள்ள வரிசைகளையும் பாருங்கள். வேண்டியது குளத்தில் மிதக்கும் வழுக்குப் பாசி இல்லை. குட்டிக் குட்டி இலையோடு, வெயிலில் காய்ந்து சுருண்டு, மழையில் மறுபடி விரிகிற பாசி. மா, வேம்பு, புளிய மரப் பட்டையில் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருக்கும் மரப்பாசியும் (லைக்கன்) நல்ல இடம்தான்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். செட்டிநாட்டு மசாலாவில் போடுகிற கல்பாசியும் அதே வகை உயிர்தானே, அதில் நீர்க்கரடி இருக்காதா? உலர்ந்த நிலையில் இருக்கவும் கூடும். ஊறப்போட்டுப் பழகிப் பார்க்கலாம். ஆனால் அதிலிருந்து சிற்றினம் எதையும் விவரிக்க முடியாது. மளிகைக் கடைக் கல்பாசி எந்த மலையில் எந்த மரத்தில் இருந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. கிடைத்த இடம் தெரியாத மாதிரிக்கு வகைப்பாட்டில் மதிப்பு மிகக் குறைவு.

எதை எடுத்தாலும் கேட்டுவிட்டு எடுங்கள். வீட்டுக்குக் காவல்காரரோ, தங்கியிருக்கும் ஆச்சியோ இருப்பார்கள். "பாசியையா கேக்குறே? அந்தப் பக்கச் சுவரையும் சேத்துச் சொரண்டிட்டுப் போப்பா" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். ஊருணிக்கு ஊராரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கோயில் சுவரில் கத்தி வைக்காதீர்கள். திருமயம் கோட்டை போலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் நினைக்கவே வேண்டாம்.

எடுக்கும் முறை

பத்து ரூபாய் நாணய அளவு போதும். மழுங்கிய கத்தியால் வேரடி மண்ணோடு பெயர்த்துக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். பாசி காய்ந்திருக்கும்போது எடுப்பதே நல்லது. நீர்க்கரடி அப்போது கால்களை உள்ளிழுத்து, உடலின் நீரையெல்லாம் இழந்து சிறு உருண்டையாகச் சுருங்கியிருக்கும். அப்படியே வருஷக்கணக்கில் தாங்கும். ஈரமாக எடுக்க நேர்ந்தால் நிழலில் காகிதத்தில் பரப்பி மெதுவாக உலரவிடுங்கள். மொட்டைமாடி வெயிலில் சட்டென்று காயவைத்தால் உருண்டையாவதற்குள் செத்துவிடும்.

உறையின் மேல் அங்கேயே, பென்சிலால் எழுதுங்கள்: ஊர், தெரு, கைபேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, எடுத்தவர் பெயர், தரையிலிருந்து உயரம், எதன் மேல் இருந்தது, வெயில் படுமா நிழலா. 'எதன் மேல்' என்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சு, சிமெண்டு, செம்புறாங்கல், ஓடு, மரப்பட்டை எல்லாம் தனித்தனி வாழிடங்கள். இந்த நாலு வரிதான் நாளைக்கு உங்கள் கட்டுரையில் 'மூல இடம்' என்ற தலைப்பில் அச்சாகும்.

ஊறவைத்துப் பிரிப்பது

பாசியைத் தலைகீழாக ஒரு கிண்ணத்தில் வைத்து, மூழ்கும்வரை தண்ணீர் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். வடிகட்டிய மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ நல்லது. காரைக்குடிக்காரர்கள் பெருமைப்படும் சம்பைத் தண்ணீரே ஆனாலும் குளோரின் கலந்து குழாயில் வந்தால் வேண்டாம். காலையில் பாசியைப் பிழிந்து உதறி எடுத்துவிட்டு, அடியில் தங்கிய வண்டலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்ரி தட்டில் ஊற்றி, 20 முதல் 40 மடங்கு பெரிதாக்கும் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பில் பாருங்கள்.

முதலில் கண்ணில் படுவது நெளியும் நூற்புழுக்களும், சுருங்கி நீளும் ரோட்டிஃபர் என்ற நுண்விலங்குகளும்தான். மண் துகளைப் பற்றிக்கொண்டு எட்டுக் காலாலும் நிதானமாக உழப்பிக்கொண்டு போவது எதுவோ, அதுதான் நம் ஆள். நுனி மெலிந்த கண்ணாடிக் குழாயால் உறிஞ்சித் தனித் தட்டுக்கு மாற்றுங்கள்.

இந்தக் கட்டத்தில் பலரும் விலங்கை மட்டும் பொறுக்கிக்கொண்டு வண்டலைக் கொட்டிவிடுகிறார்கள். அதில்தான் முட்டை கிடக்கும். மேக்ரோபயோட்டஸ் போன்ற பேரினங்களில் (நெருங்கிய சிற்றினங்களின் தொகுப்பு) விலங்குகள் ஒன்றையொன்று உரித்து வைத்ததுபோல் இருக்கும். சிற்றினத்தைப் பிரித்துக் காட்டுவது முட்டை ஓட்டின் மேல் உள்ள கூம்புகளும் முடிச்சுகளும் வலைப்பின்னலும்தான். முட்டை இல்லாமல் அந்தப் பேரினத்தில் புதிய சிற்றினம் என்று எழுதினால் ஆய்விதழின் மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். மில்னீசியம், எக்கினிஸ்கஸ் வகைகளில் கதை வேறு. அவை வழவழப்பான முட்டைகளைத் தாம் கழற்றிய சட்டைக்குள்ளேயே (உரித்த தோலுக்குள்ளேயே) இட்டுவிட்டுப் போகும். அங்கே நகங்களும் முதுகுத் தகடுகளும்தான் பேசும்.

உயிரோடு இருக்கும்போதே நிறத்தையும், கண் புள்ளி உண்டா இல்லையா என்பதையும் குறித்துப் படமெடுத்துவிடுங்கள். ஸ்லைடில் ஏறிய பிறகு நிறம் போய்விடும், கண் நிறமியும் கரைந்துபோகலாம்.

வளர்ப்பு

பத்துப் பதினைந்து விலங்குதான் கிடைத்தது, முட்டையே இல்லை என்றால் வளர்த்துப் பார்க்கலாம். பிளாஸ்டிக் பெட்ரி தட்டின் அடிப்பக்கத்தை உப்புத்தாளால் லேசாகக் கீறிவிட்டால் கால் வழுக்காமல் நடக்கும். பச்சைப் பாசி தின்னும் வகைக்குக் குளோரெல்லா என்ற நுண்பாசி, வேட்டையாடும் மில்னீசியத்துக்கு ரோட்டிஃபர். அரகாவாவும் பத்து விலங்குகளில் தொடங்கித்தான் வளர்ப்புக்குப் போனார்.

நம் ஊரில் எதிரி வெயில். நீர்க்கரடி எதையும் தாங்கும் என்ற பேச்சு உலர்ந்த உருண்டைக்குத்தான் பொருந்தும். ரமாசோட்டியஸ் வகை நீர்க்கரடி ஒன்றை வைத்து 2020இல் வெளியான ஆய்வில், வெப்பத்துக்குப் பழக்கப்படுத்தாத, நடமாடும் நிலையில் உள்ள விலங்குகள் சுமார் 37 டிகிரியில் ஒரு நாள் இருந்ததற்கே பாதி செத்துப்போயின. கத்திரி வெயிலில் காரைக்குடி அறைக்குள் அந்தச் சூடு சர்வசாதாரணம். ஏசி இல்லையென்றால் சித்திரை, வைகாசியில் வளர்ப்பைத் தொடங்காமல் காகித உறையிலேயே தூங்கவிடுங்கள்.

ஸ்லைடும் அளவெடுப்பும்

கிடைத்ததை மூன்றாகப் பிரியுங்கள். பெரும்பங்கு ஸ்லைடுக்கு, கொஞ்சம் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு, கொஞ்சம் டிஎன்ஏவுக்கு. ஸ்லைடுக்கு உலகம் முழுக்கப் பயன்படுத்துவது ஹோயர் கலவை: காய்ச்சி வடித்த நீர் 50 மில்லி, கருவேலம்பிசின் வகையான கம் அரபிக் 30 கிராம், குளோரல் ஹைட்ரேட் 200 கிராம், கிளிசரின் 20 மில்லி. குளோரல் ஹைட்ரேட் மயக்க மருந்து. தனியாள் வாங்கி வீட்டில் கலக்கும் பொருள் இல்லை, கல்லூரி ஆய்வகம் வழியாகவே போங்கள். ஒரு சொட்டில் விலங்கை வைத்து, கவர் ஸ்லிப் போட்டு, சுமார் 60 டிகிரி அடுப்பில் சில நாள் உலரவைத்து, ஓரத்தை நகப்பாலிஷால் அடைத்துவிட்டால் ஸ்லைடு தயார். மல்லாந்தோ குப்புறவோ நேராகப் படிந்தவைதான் அளவுக்கு உதவும்.

பார்ப்பதற்கு ஃபேஸ் கான்ட்ராஸ்ட் மைக்ராஸ்கோப்பும் 100 மடங்கு எண்ணெய் லென்ஸும் கட்டாயம். சாதாரண வெளிச்சத்தில் வாய்க்குழலின் ஓரமே தெரியாது. உடல் நீளம், வாய்க்குழலின் நீளமும் அகலமும், குத்தூசித் தாங்கிகள் (இரையைக் குத்தும் ஊசிகளைப் பிடித்திருப்பவை) குழலில் பொருந்தும் இடம், தொண்டைக் குமிழுக்குள் இருக்கும் பிளாக்காய்டு என்ற கெட்டியான தண்டுகளின் எண்ணிக்கையும் நீளமும், நான்கு ஜோடிக் கால்களின் நகங்கள், எல்லாவற்றையும் மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும்.

வெறும் நீளத்தை வைத்து ஒப்பிட முடியாது. குட்டி சிறியது, கிழம் பெரியது. அதற்காகத்தான் இத்தாலியின் ஜொவான்னி பிலாத்தோ 1981இல் ஒரு குறியீட்டைக் கொண்டுவந்தார். எந்த உறுப்பின் நீளத்தையும் வாய்க்குழல் நீளத்தின் விழுக்காடாகச் சொல்வது. வாய்க்குழல் 40 மைக்ரோமீட்டர், தாங்கி பொருந்தும் இடம் 30 என்றால் குறியீடு 75. வாய்க்குழல் விறைப்பானது, ஸ்லைடில் நசுங்கினாலும் நீளம் மாறாது. உடல் நீளமோ கவர் ஸ்லிப்பை அழுத்தினாலே கூடிவிடும். முதுகுத் தகடு உள்ள எக்கினிஸ்கஸ் வகைக்கு வாய்க்குழலுக்குப் பதிலாகத் தோள் தகட்டின் நீளத்தை அடிப்படையாக வைப்பார்கள்.

முப்பது விலங்கு, முப்பது முட்டை என்பது துறையில் எதிர்பார்க்கும் எண்ணிக்கை. கிடைக்காவிட்டால் கிடைத்ததை அளந்து, எத்தனை என்று நேர்மையாக எழுதுங்கள். ஒரு எச்சரிக்கை: சட்டை உரிக்கும் பருவத்தில் நீர்க்கரடி தன் வாய்க்குழலையே துப்பிவிட்டு நிற்கும். அதைப் பார்த்து 'வாய் உறுப்பு இல்லாத புதிய வகை' என்று துள்ள வேண்டாம்.

முட்டை ஓட்டின் நுணுக்கத்துக்கு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் தேவை. அதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் அந்தக் கருவி இருக்கிறது. உங்கள் கல்லூரித் துறைத்தலைவரின் கடிதத்தோடு கட்டணமும் முறையும் விசாரியுங்கள். அங்கே வழக்கமாகப் பார்ப்பது உலோகமும் மின்கலப் பொருளும் என்பதால், ஆல்கஹாலில் படிப்படியாக நீரை வெளியேற்றி, சுருங்காமல் உலர்த்தித் தருவதை நீங்களே செய்துகொண்டு போவது உத்தமம்.

புதிதுதானா?

முதலில் பேரினம். நகத்தின் அமைப்பு, வாய்க்குழல், பிளாக்காய்டு மூன்றையும் வைத்து அடையாளத் திறவுகோல்களில் (படிப்படியாகக் கேள்வி கேட்டுப் பெயருக்குக் கொண்டுபோகும் அட்டவணைகள்) ஓரிரு நாளில் வந்துவிடலாம். அப்புறம்தான் உண்மையான உழைப்பு. அந்தப் பேரினத்தில் உள்ள எல்லாச் சிற்றினங்களின் மூல விவரணைகளையும் திரட்ட வேண்டும். பெயர்ப் பட்டியலை இத்தாலியின் குய்தெத்தியும் ஸ்லோவாக்கியாவின் டெக்மாவும் தொடர்ந்து புதுப்பித்து இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.

பழைய விவரணைகள் படுத்தும் பாடு தனி. 1834இல் வெளியான மேக்ரோபயோட்டஸ் ஹுஃபெலாண்டியும், 1840இன் மில்னீசியம் டார்டிகிரேடமும் நீண்ட காலம் உலகம் பூராவும் இருப்பதாகப் பதிவாகிக்கொண்டே இருந்தன. 1993இல் முன்னதையும் 2012இல் பின்னதையும் மறுபடி துல்லியமாக விவரித்தபோதுதான், அந்த ஒரே பெயருக்குள் பல சிற்றினங்கள் ஒளிந்திருப்பது தெளிவானது. ஆகவே பழைய இந்தியப் பட்டியலில் இந்தப் பெயர்களைக் கண்டால் அப்படியே நம்பாதீர்கள். உங்கள் மாதிரி அதோடு 'ஏறத்தாழ' ஒத்துப்போகிறது என்று கைவிடவும் வேண்டாம்.

மிக நெருக்கமான நாலைந்து சிற்றினங்களை எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் உங்களுடையது எந்த எந்த அம்சத்தில் விலகுகிறது என்று எண்ணோடு எழுதுங்கள். "கூம்புகள் சற்று நீளம்" என்றால் போதாது. இதில் கூம்பு உயரம் இத்தனை முதல் இத்தனை, அதில் இத்தனை முதல் இத்தனை, இரண்டு வீச்சுகளும் ஒன்றின் மேல் ஒன்று படியவில்லை என்று காட்ட வேண்டும். என்னைக் கேட்டால் முழுக் கட்டுரையின் உயிரே இந்தப் பகுதிதான். இதை எழுத முடியவில்லையென்றால் உங்களிடம் புதிய சிற்றினம் இல்லை, அல்லது இன்னும் போதிய மாதிரி இல்லை.

டிஎன்ஏ இப்போது கிட்டத்தட்டக் கட்டாயம். வழக்கமாக 18எஸ், 28எஸ், ஐடிஎஸ்-2, சிஓஐ என்ற நான்கு டிஎன்ஏ பகுதிகளை வாசிப்பார்கள். ஒரே விலங்கிலிருந்து டிஎன்ஏ எடுத்தாலும் அதன் வெளித்தோல் மிஞ்சும். அதை எறியாமல் ஸ்லைடில் ஏற்றிச் சான்றாக வையுங்கள். வயிற்றில் இருக்கும் பாசியும் ரோட்டிஃபரும் கலந்து வரும் என்பதால், வந்த வரிசையை ஜென்பேங்க் என்ற இணைய மரபணுத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டு நீர்க்கரடிதான் என்று முதலில் உறுதி செய்யுங்கள். இத்தனை விழுக்காடு வேறுபட்டால் புதிது என்று எல்லாப் பேரினங்களுக்கும் பொதுவான கோடு கிடையாது. உருவமும் மரபணுவும் ஒரே பக்கம் சாய்ந்தால் தைரியமாகப் போகலாம்.

மூல மாதிரி, சட்டம்

ஒரே ஒரு விலங்கு, நன்றாகப் படிந்த ஸ்லைடு, அதுதான் ஹோலோடைப், அதாவது பெயருக்கு ஆதாரமான மூல மாதிரி. அந்தப் பெயர் என்றென்றைக்கும் அந்த ஸ்லைடோடு கட்டப்பட்டிருக்கும். அதோடு சேர்த்து விவரித்த மற்றவை பாராடைப். அவற்றை வீட்டு அலமாரியில் வைக்கக் கூடாது. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, புதிய வகையைக் கண்டவர் அதற்கென அறிவிக்கப்பட்ட நிறுவனத்துக்குத் தெரிவித்துச் சான்று மாதிரியை ஒப்படைக்கச் சொல்கிறது. விலங்குகளுக்கு அந்த இடம் கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஜுவாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியா. அதன் தென்மண்டல மையம் சென்னை சாந்தோமில் இருக்கிறது. போலந்திலோ இத்தாலியிலோ உள்ள நிபுணருக்கு ஒரு ஸ்லைடைத் தபாலில் அனுப்பிக் கேட்டுவிடலாம் என்று தோன்றும். அதற்கும் முன்பே சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் பாருங்கள். படம் அனுப்பிக் கேட்பது எளிய வழி, பெரும்பாலும் பதிலும் வரும்.

பெயர்

விதிகள் சர்வதேச விலங்குப் பெயரீட்டு நெறிமுறையில் இருக்கின்றன. ஊர்ப் பெயர் வைப்பதானால் பேரினப் பெயர் லத்தீன் இலக்கணப்படி ஆண்பாலா, பெண்பாலா, அலிப்பாலா என்று பாருங்கள். மேக்ரோபயோட்டஸ் ஆண்பால், 'காரைக்குடியென்சிஸ்' என்று வரும். மில்னீசியம் அலிப்பால், அங்கே 'காரைக்குடியென்சே'. ஆணின் பெயரென்றால் கலாமி போல 'இ' விகுதி, பெண்ணானால் 'ஏ'. தன் பெயரையே வைத்துக்கொள்ள விதியில் தடை இல்லை, ஆனால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்.

கட்டுரை வெளியாகும்வரை பெயரை நிருபரிடமோ வாட்ஸ்அப் குழுவிலோ சொல்லாதீர்கள். விவரணை இல்லாமல் அச்சில் வரும் பெயர் செல்லாது. அதோடு குழப்பமும் மிஞ்சும்.

வெளியீடு

சூடாக்ஸா போன்ற விலங்கு வகைப்பாட்டு ஆய்விதழ்களில் பக்கக் கட்டணம் இல்லாமலே வெளியிடலாம். கட்டுரையின் அமைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: வகைப்பாட்டு வரிசை, ஆராய்ந்த மாதிரிகள், விலங்கின் விவரணை, முட்டையின் விவரணை, மரபணு வரிசை எண்கள், பெயர்க் காரணம், மூல இடம், மாதிரிகள் இருக்கும் இடம், பிற சிற்றினங்களிலிருந்து வேறுபாடு. அளவு அட்டவணையில் குறைந்தபட்சம், அதிகபட்சம், சராசரி, திட்ட விலக்கம், ஹோலோடைப்பின் அளவு ஆகியவை தனித்தனி நெடுவரிசையாக வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியாகும் இதழானால் வெளிவருமுன் ஜூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவு செய்து, அந்த எண்ணைக் கட்டுரைக்குள்ளேயே அச்சிட வேண்டும். இல்லாவிட்டால் பெயர் செல்லுபடியாகாது.

மதிப்பீட்டாளர்கள் திருத்தம் கேட்காமல் விடமாட்டார்கள். பெரும்பாலும் கேட்பது இன்னும் சில முட்டைகளின் படம், இன்னொரு மரபணுப் பகுதி, அல்லது நீங்கள் படிக்காமல் விட்ட ஒரு பழைய இத்தாலிய விவரணையோடு ஒப்பீடு. அதனால் முதல் நாள் எடுத்த பாசியை முழுவதும் ஊறப்போடாமல் பாதியை உலர்ந்தபடியே உறையில் வைத்திருங்கள். மறுபடி அந்த வீட்டுக்குப் போகும்போது சுவரைச் சுரண்டிப் புதுப் பூச்சுப் பூசியிருக்கக்கூடும்.